காரம் காவல் காக்குமா?

மிளகாய் போட்ட பண்டம் கெடாது என்றொரு நம்பிக்கை நம் சமையலறைகளில் வேரோடிக் கிடக்கிறது. ஊறுகாய் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது, வற்றல் ஏன் அடுத்த கோடை வரை தாங்குகிறது என்று கேட்டால், "அவ்வளவு காரத்தில் பூச்சி பூஞ்சை அண்டுமா?" என்பதுதான் பதிலாக வரும். எல்லாவற்றையும் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு இந்த நம்பிக்கையால் பெரிய நட்டமில்லை. கொல்லையிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ நாலு செடி வைத்து, தின்று தீராத காயை வற்றலாகவும் மோர்மிளகாயாகவும் தொக்காகவும் சாஸாகவும் மாற்ற நினைப்பவருக்கோ இது தகாத இடத்தில் தைரியம் கொடுத்துவிடுகிறது. காரம் நாக்குக்கான சங்கதி. பண்டத்தைக் கெடாமல் வைத்திருக்கும் வேலையை உப்பும் புளிப்பும் வறட்சியும் செய்கின்றன. காரம் அதில் கொஞ்சம் கைகொடுக்கலாம், தனியாக ஒன்றும் சாதிக்காது. இதற்கு முதல் சாட்சி செடியிலேயே தொங்குகிறது. சிவந்து பழுக்கும் மிளகாயில் வட்டமாகக் குழிந்து கறுக்கும் பழ அழுகல் நோயைச் செடி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கொலிட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சையின் வேலை அது. காய்ப்புழு பச்சைக் காயைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கிறது. இலைப்பேன் சாறு உறிஞ்சி இலைகளைச் சுருட்டுகிறது. வற்றலாக்கி டப்பாவில் போட்டால் பிஸ்கட், புகையிலை என்று எதையும் விடாத சிறு வண்டுகள் அதையும் அரித்துப் பொடியாக்குகின்றன. இவற்றில் எதுவும் காரத்தைக் கண்டு பின்வாங்குவதில்லை.

காரத்துக்கு எந்த வேலையும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எதிர்த்தரப்பின் வலுவான சான்று பொலிவியாவிலிருந்து வருகிறது. அங்கே காட்டில் விளையும் ஒரு மிளகாய் இனத்தில் காரமான செடியும் காரமே இல்லாத செடியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. அமெரிக்கச் சூழலியலாளர் ஜோஷுவா டியூக்ஸ்பரியும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வினோதத்தை விளக்கியது. நாவாய்ப்பூச்சி வகையைச் சேர்ந்த பூச்சிகள் பழத்தில் அலகால் குத்திச் சாறு குடிக்கின்றன. குத்திய துளை வழியே ஃபுசேரியம் பூஞ்சை உள்ளே போய் விதைகளை அழிக்கிறது. பூச்சிக் குத்து மிகுந்த பகுதிகளில் காரமான செடிகள் மிகுதி. காரத்தைத் தரும் கேப்சைசின் சேர்மங்கள் அந்தப் பூஞ்சையின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகின்றன. ஆக, மிளகாய் காரத்தை வளர்த்துக்கொண்டதில் பூஞ்சைக்கு எதிரான தற்காப்புக்கும் பங்குண்டு. இதே டியூக்ஸ்பரி, கேரி நப்ஹானுடன் சேர்ந்து 2001-இல் இன்னொன்றையும் காட்டியிருந்தார்: விதையைக் கடித்து நொறுக்கும் பாலூட்டிகளைக் காரம் விரட்டுகிறது, விதையை முழுசாக விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும் பறவைகளை அது தொடுவதே இல்லை. டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டறிந்து, பின்னர் 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பிதான் சூட்டையும் மிளகாயையும் ஒன்றாகவே உணர்கிறது. பறவைகளிடம் உள்ள அந்த ஏற்பியைக் கேப்சைசின் தூண்டுவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இந்தச் சான்றை ஏற்றுக்கொண்டும் என் வாதத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. செடியின் தேவை வேறு, சமையலறையின் தேவை வேறு. ஒரு பறவை வந்து தின்றுபோகும் வரை, சில நாள்களுக்கு, விதைகளில் ஒரு பகுதி பிழைத்தால் செடிக்குப் போதும். அதற்குப் பூஞ்சையை மந்தப்படுத்தினாலே லாபம். ஜாடியில் இருப்பது ஆறு மாதம் நிற்க வேண்டும், அதில் எதுவுமே வளரக் கூடாது. மந்தப்படுத்துவது அங்கே காணாது. இன்னொரு விஷயம், காரம் பழம் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. அது உருவாவதும் திரள்வதும் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர்நிற நடுத்தசையில். காரம் விதையில் இருக்கிறது என்பது விதைமீது அந்தத் தசை உரசுவதால் வந்த எண்ணம். வெளிச் சதையும் தோலும் ஒப்பீட்டளவில் சாது. காம்பு ஒடிந்த இடத்தில் தொடங்கும் பூசணம் முதலில் சந்திப்பது இந்தச் சாதுவான பகுதியைத்தான். போதாக்குறைக்குக் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். காரம்பட்ட கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் எரிச்சல் போகாததற்கும், எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டால் அடங்குவதற்கும் இதுவே காரணம். நுண்ணுயிர்கள் வாழ்வதோ நீரில்.

ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு நடந்த ஒன்றைப் பார்க்கலாம். 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பாண்டியாக் என்ற ஊரில் 59 பேர் பாட்யூலிசம் நஞ்சேறி நோயுற்றார்கள். எல்லோரும் ஒரே உணவகத்தில் சாப்பிட்டவர்கள். நஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, வீட்டு முறையில் புட்டியில் அடைத்துப் பதப்படுத்திய ஹலபீனோ மிளகாயில் போய் நின்றது. மிளகாய் அங்கே நஞ்சைத் தடுக்காதது மட்டுமில்லை, நஞ்சு உருவான இடமே அதுதான். அந்த நஞ்சைச் சுரக்கும் குளோஸ்ட்ரிடியம் பாட்யூலினம் மண்ணில் வாழும் பாக்டீரியா. தோட்டத்தில் பறித்த எந்தக் காயிலும் அதன் வித்தணுக்கள் ஒட்டியிருக்கலாம். கொதிக்கும் தண்ணீரின் 100 பாகை வெப்பத்தை அந்த வித்தணுக்கள் தாங்கிவிடும். தொழிற்சாலைகள் அழுத்தக் கலத்தில் 121 பாகை வரை சூடேற்றி அவற்றைக் கொல்கின்றன. காற்றில்லாத இடத்தில், போதிய ஈரத்தில், புளிப்புக் குறைந்த சூழலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். நிறத்திலோ மணத்திலோ மாற்றம் தெரிய வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே போய்விட்டால் இந்த பாக்டீரியாவால் வளர முடியாது. பச்சைமிளகாயின் பி.எச். 5-க்கும் மேல். வாயில் நெருப்பாக எரியும் காய், வேதியியல் கணக்கில் புளிப்பற்ற சப்பைக் காய். எலுமிச்சையோடும் புளியோடும் அல்ல, பீன்ஸோடும் கத்தரிக்காயோடும் சேர்க்க வேண்டியது. காரத்தைப் பாதுகாப்பென்று நாக்கு நினைத்துக்கொள்ளும் குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புளிப்பு, உப்பு, காரம் மூன்றையுமே நாம் ‘சுருக்’கென்று உணர்கிறோம், அவற்றில் இரண்டுக்கு மட்டுமே உண்மையான பல் இருக்கிறது.

அப்படியானால் வற்றல் எப்படித் தாங்குகிறது? தண்ணீர் போய்விட்டதால். பண்டத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, உப்போடும் சர்க்கரையோடும் நாரோடும் பிணையாமல் நுண்ணுயிருக்கு எட்டும்படி எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். உணவு அறிவியலார் இதை நீர்ச்செயல்பாடு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. பறித்த மிளகாய்க்குக் கிட்டத்தட்ட அதே அளவு. 0.93-க்குக் கீழே பாட்யூலினம் வளராது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை ஏறக்குறைய 0.80 வரை தாக்குப்பிடிக்கும், 0.70-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் கையை விரித்துவிடும். வற்றலில் ஈரம் பத்துப் பதினொரு சதவீதத்துக்கு இறங்கும்போது இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். ஆபத்து முழுவதும் இடைப்பட்ட நாள்களில் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் சுரக்கும் அஃப்லடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட நஞ்சு. வறுத்தாலும் பொரித்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய் வற்றலில் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. இந்த எல்லை காரமான ரகத்துக்கும் காரமற்ற ரகத்துக்கும் ஒன்றேதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டையாகவும் தோல் தடித்ததாகவும் இருக்கும். காய்ந்ததும் குலுக்கினால் விதை உள்ளே உருண்டு சலசலக்கும். அந்த ஓசைக்கு அர்த்தம் உண்டு. நடுத்தசை சுருங்கி விதைகள் கழன்றுவிட்டன, உள்ளறையில் ஈரம் இல்லை என்று அது சொல்கிறது. வீட்டில் காய வைக்கிறவர் ரகத்தைக் காரத்துக்காகத் தேர்ந்தெடுப்பதைவிடச் சதைக்காகத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். தோல் மெலிந்த நீளக் காய் மொட்டை மாடி வெயிலில் விரைவாகக் காய்ந்துவிடும். சதை தடித்த குண்டுக் காயை முழுசாகப் பரப்பினால் வெளித்தோல் காய்ந்து மொடமொடக்க, உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். அதைக் கீற வேண்டும், அல்லது மோருக்கு அனுப்ப வேண்டும். மாலையில் வெயில் தாழ்ந்ததும் மிளகாயை உள்ளே எடுத்துவிடுவது பனியில் நனைந்து அன்றைய உழைப்பு வீணாகாமலிருக்கத்தான்.

மோர்மிளகாயைத்தான் இந்த விஷயத்தில் நம் சமையலறையின் உச்சம் என்று சொல்வேன். மேலுக்கு எளிய வேலை: பச்சைமிளகாயைக் காம்போடு வைத்து நடுவில் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரிலோ கெட்டி மோரிலோ ஊறவைக்கிறோம், காலையில் எடுத்து வெயிலில் பரப்புகிறோம், சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுகிறோம், மோர் முழுக்க மிளகாய்க்குள் இறங்கித் தீரும் வரை நாள்கணக்கில் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மிளகாய்த் தோலின் மேல் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. அதைக் கீறாமல் உப்பும் உள்ளே போகாது, நீரும் வெளியே வராது. முதல் இரவில் உப்பு சதையிலிருந்து நீரை இழுக்கிறது. மோரிலுள்ள லாக்டிக் அமிலம் கீறல் வழியாக உள்ளே பரவிச் சதையின் பி.எச். எண்ணை இறக்குகிறது. பகல் வெயிலில் நீர் மட்டும் ஆவியாகிறது, உப்பும் அமிலமும் தங்கிவிடுகின்றன. சாயங்காலம் நீர் வற்றிய காய் மோரை மறுபடி உறிஞ்சும்போது அவை இன்னும் கொஞ்சம் கூடுகின்றன. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் உப்பும் புளிப்பும் ஏறி, ஈரம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஜெர்மானிய உணவு அறிவியலாளர் லோதார் லைஸ்ட்னர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘தடைகள்’ என்றொரு கோட்பாட்டை வகுத்தார். ஒரே தடையை மிக உயரமாகக் கட்டாமல், நடுத்தரமான பல தடைகளை அடுத்தடுத்து வைத்தால் நுண்ணுயிர் ஒன்றைத் தாண்டினாலும் அடுத்ததில் விழும் என்பது அதன் சாரம். அதற்கு நெடுங்காலம் முன்பே நம் மொட்டை மாடிகளில் அது நடந்துகொண்டிருந்தது என்று பெருமை பேசலாம். பெருமையைவிட, அதில் எந்தத் தடை எப்போது பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உபயோகம். முதல் இரண்டு நாள்தான் பலவீனமானவை. காய் இன்னும் ஈரம், உப்பு இன்னும் ஊறவில்லை. அப்போது தாங்குவது தயிரின் புளிப்பு ஒன்றே. அதனால்தான் புளிக்காத இனிப்புத் தயிர் இதற்கு உதவாது. அந்த நாள்களில் வானம் மூடிக்கொண்டால் அரைகுறையாகக் காய்ந்த மிளகாயை முறத்தில் விட்டுவைக்கக் கூடாது; மோரோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் இந்த வேலையை வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கவலையே இருந்திருக்காது. இன்னொரு சிறு லாபமும் உண்டு: பாலின் கேசீன் புரதம் கேப்சைசினோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது, மோர்மிளகாயின் காரம் பச்சைமிளகாயைவிட அடங்கித் தெரிவதில் அதற்கும் பங்கிருக்கும். கெடாமல் இருப்பதற்காகச் செய்யும் பண்டத்தில் காரம் குறையவே செய்கிறது என்பதை, காரமே காவல் என்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

தொக்கில் கதை கொஞ்சம் மாறுகிறது, ஏனென்றால் அங்கே எண்ணெய் வருகிறது. பச்சைமிளகாயோ சிவந்த பழமோ, புளியோடும் உப்போடும் அரைத்து நல்லெண்ணெயில் கிளறும்போது "எண்ணெய் பிரிந்து வர வேண்டும்" என்பார்கள். இது வெறும் பக்குவச் சொல் அல்ல. விழுதில் நீர் இருக்கும் வரை எண்ணெய் துளித்துளியாக அதனுள் சிக்கியிருக்கும், வெப்பமும் 100 பாகையை ஒட்டியே நிற்கும். நீர் பெருமளவு வெளியேறிய பிறகே எண்ணெய் விலகி ஓரத்தில் தேங்கும். கண்ணால் பார்க்கக்கூடிய ஈரமானி என்றே இதைச் சொல்லலாம். மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தால் கெடாது என்ற அடுத்த விதியை மட்டும் பாதியாகத்தான் நம்ப வேண்டும். எண்ணெய் காற்றை மறிக்கிறது. காற்று தேவைப்படும் பூசணத்துக்கு அது கதவடைப்பு. காற்றை வெறுக்கும் பாட்யூலினத்துக்கோ அது விருந்து. நம் தொக்கில் இந்த விபரீதம் நடக்காமல் தடுப்பது எண்ணெய்க்கு அடியிலிருக்கும் புளியும் உப்பும் வற்றிய விழுதும். அவற்றை நீக்கிவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது: 1985-இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட பூண்டுத் துண்டுகள் 36 பேரைப் பாட்யூலிசத்தில் தள்ளின. இன்று காணொளிகளைப் பார்த்துப் பச்சைப் பூண்டும் பறித்த மிளகாயும் எண்ணெயில் முக்கி அலமாரியில் அழகாக வைக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பார்வைக்கு அது தொக்குக்கு உறவுபோலத் தெரிகிறது. வேதியியலில் பாண்டியாக் புட்டிக்குத்தான் நெருக்கம்.

நொதிக்கவைத்த சாஸ் நம் பக்கத்துக்குப் புதுசு, தத்துவம் பழசு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஏவரி தீவில் எட்மண்ட் மக்கில்ஹென்னி 1868-இல் விற்கத் தொடங்கிய டபாஸ்கோ சாஸ், சிவந்த மிளகாயை உப்போடு அரைத்து மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் நொதிக்கவைத்துப் பிறகு வினிகர் சேர்ப்பது. பீப்பாயின் மூடிமேல் உப்பைக் குவித்து இறுகவைக்கிறார்கள். உள்ளிருந்து வாயு வெளியேறலாம், வெளியிலிருந்து எதுவும் போகாது. காய்களின் தோலில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்குக் கேப்சைசின் ஒரு பொருட்டே இல்லை, செழித்து வளர்ந்து சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. நுண்ணுயிர்களைக் காரம் கொல்லும் என்பது உண்மையானால் டபாஸ்கோவே உருவாகியிருக்காது! வீட்டில் செய்பவர் மிளகாயின் எடைக்கு இரண்டு மூன்று சதவீத உப்பைத் தராசில் நிறுத்துப் போட்டு, விழுது காற்றுப் படாமல் நீரில் அமிழ்ந்திருக்கும்படி அழுத்திவைத்து, சில நாள்கள் கழித்துப் பி.எச். தாளால் 4-க்குக் கீழே வந்ததா என்று பார்த்துக்கொண்டால் போதும். தாள் மலிவானது; ஊகம் விலை கூடியது.

இனி ஒரு மறுப்பு. சூடான நாடுகளில் காரம் அதிகம் தின்பதே உணவு கெடாமலிருக்கத்தான் என்பது பலமுறை எழுதப்பட்ட கருத்து. ஜெனிஃபர் பில்லிங், பால் ஷெர்மன் இருவரும் 1998-இல் 36 நாடுகளின் இறைச்சிச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து, வெப்பம் கூடக்கூட மசாலாவும் கூடுகிறது, நுண்ணுயிரைக் கொல்வதே அதன் பயன் என்று வாதித்தார்கள். 2021-இல் லிண்டெல் பிராம்ஹம் குழுவினர் 70 சமையல் மரபுகளின் 33,750 குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அந்த மரபுகளுக்கு இடையிலான உறவையும் பிற காரணிகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அந்த விளக்கம் நிற்கவில்லை. புள்ளிவிவரத்தை விடுங்கள், நம் வரலாறே போதும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இந்தியக் கரையில் இறங்கியது. அதற்கு முன்பும் இங்கே வெயில் இதே வெயில்தான், ஊறுகாயும் இருந்தது. இன்றைக்கும் உப்பு நார்த்தங்காயில் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் கிடையாது. உப்பும் நார்த்தையின் புளிப்பும் வெயிலும் சேர்ந்து அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றன. மிளகாய் வந்தபோது பதப்படுத்தும் கலை ஏற்கெனவே முற்றியிருந்தது. அதற்குச் சுவையாகத்தான் மிளகாய் சேர்ந்துகொண்டது.

இன்னொரு மறுப்பு அன்பின் பேரில் வருவது: பாட்டிமார் பி.எச். பார்த்தார்களா, நீர்ச்செயல்பாடு அளந்தார்களா, ஒன்றும் ஆகவில்லையே? அளக்கவில்லை, உண்மை. ஆனால் ஈரக்கரண்டி போடாதே, ஜாடியை வெயிலில் காயவை, கல்லுப்பைத் தாராளமாகப் போடு, புளி பழையதாக இருக்கட்டும் என்று அவர்கள் விதித்த ஒவ்வொன்றும் இந்த அளவுகளையே கைப்பக்குவமாக மாற்றி வைத்திருந்தது. விதிகளை அப்படியே பின்பற்றுகிறவருக்கு எண் தேவையில்லை. நாம் அப்படிப் பின்பற்றுவதில்லை என்பதே சிக்கல். ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைப் பாதியாக்குகிறோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்புச் சேர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது அந்தப் பயம் நியாயமானதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி பூட்டியிருக்கிறது, காயவைப்பது ஜன்னலோரத்தில். மழைக்கால அறுவடையை ஐப்பசியிலேயே வற்றலாக்கப் பார்க்கிறோம். "ஒன்றும் ஆகவில்லை" என்பதும் முழுச் சாட்சி ஆகாது: அஃப்லடாக்சின் சாப்பிட்ட அன்றைக்கு வயிற்றைப் பிடிப்பதில்லை, பல ஆண்டுகள் கழித்து வரும் கல்லீரல் நோயை யாரும் ஒரு முறம் வற்றலோடு முடிச்சுப் போடப் போவதில்லை. பழைய முறையில் ஒரு தடையைத் தாழ்த்தினால் வேறொன்றை உயர்த்தியாக வேண்டும். தொக்கில் உப்பைக் குறைப்பவர் புளியையோ எலுமிச்சைச் சாற்றையோ கூட்டி, ஜாடியைக் குளிர்பெட்டியில் வைக்கட்டும். வெயில் இல்லாதவர் 55, 60 பாகையில் ஓடும் மின் உலர்த்தியில் காயைக் கீறிப் போடட்டும். வினிகரில் காந்தாரி மிளகாய் ஊறப்போடுகிறவர் ஒவ்வொரு காயிலும் ஊசியால் ஒரு துளை போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் புளிப்பு தோலுக்கு வெளியே நிற்கும், உள்ளறை பழைய பி.எச்.சிலேயே நாள்கணக்கில் இருக்கும். பூண்டும் பச்சைமிளகாயும் போட்ட எண்ணெய் வேண்டுமென்றால் சிறிதளவு செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாள்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வற்றலில் ஓரிரு காய் பூத்திருந்தால் அதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் பொடிக்கும் சிக்கனம் வேண்டாம். பூசணம் கண்ணுக்குத் தெரிகிற காய்க்குப் பக்கத்துக் காயிலும் அதே ஈரம் இருந்திருக்கும். நஞ்சுக்கு நிறம் கிடையாது, மசாலாவில் கலந்தபின் அதைத் தேடிப் பிடிக்க முடியாது.